கைதட்டினால் சுத்தம், பேசினால் 'கும்': வளசரவாக்கத்தில் ஒரு குரல் ஸ்டுடியோவைச் சரிசெய்த விதம்

வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு வீட்டின் முதல் மாடி. படுக்கையறையாகக் கட்டப்பட்ட அறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தார்கள். நேர்காணல், ஒலிநூல், யூடியூப் செய்தித் தொகுப்பு, எப்போதாவது பண்பலை விளம்பரத்துக்குக் குரல் என்று எல்லா வேலையும் அந்த ஒரே அறையில்தான். சாலிகிராமமும் வடபழனியும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் குரல் கொடுப்பவர்களுக்கும் எடிட்டர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பதிவு மட்டும் தேறவில்லை.

உள்ளே போனதும் ஸ்டுடியோவை நடத்துபவர் செய்த முதல் வேலை, நடு அறையில் நின்று பலமாகக் கைதட்டியது. "பாருங்க சார், எக்கோ சுத்தமா இல்ல. ஆனா ரெக்கார்டிங்ல மட்டும் கும்முனு வருது." அவர் சொன்னது இரண்டுமே உண்மை. கைதட்டல் பட்டென்று அடங்கியது. தரையிலிருந்து கூரைவரை நான்கு சுவரிலும் ஓர் அங்குலப் பிரமிட் ஃபோம், தரையில் கம்பளம், ஜன்னலில் கனத்த திரை. அறைக்குள் நின்றால் காதை அடைத்துக்கொண்டது போலத்தான் இருந்தது. அப்புறம் பதிவைக் கேட்டேன். ஆண் வாசிப்பாளரின் குரல் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதைப்போல இருந்தது. தொகுப்பாளினியின் குரலில் அந்தக் 'கும்' குறைவு. ஆனால் உயிர்ப்பு இல்லாமல், வறண்டு, மூக்கடைத்துக் கேட்டது.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே செலவு நிறைய ஆகியிருந்தது. கண்டென்சர் மைக் அறையை அதிகமாகப் பிடிக்கிறது என்று யாரோ சொல்ல, ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக்கை வாங்கினார்கள். டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் அறையின் பங்கு குறையும் என்பது சரிதான். ஆனால் ஒருதிசை மைக்கை நெருங்கிப் பேசினால் தாழ்ந்த ஒலிகள் தானாகவே தூக்கலாகும். ஏற்கெனவே 'கும்' இருந்த குரலுக்கு அது இன்னும் ஒரு கரண்டி 'கும்' சேர்த்துவிட்டது. எடிட்டர் தம்பி ஈக்யூவில் 120 ஹெர்ட்ஸ் பக்கத்தை வெட்டிப் பார்த்திருக்கிறார். குரல் மெலிந்தது, சொல் முடிந்த பிறகும் அறைக்குள் இழுபடும் வால் போகவில்லை. போகாது. ஈக்யூ ஓர் அதிர்வெண்ணின் அளவைத்தான் குறைக்கும், அது அறைக்குள் எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்பதைத் தொடாது. கடைசியில் கம்ப்ரஸர் போட்டதும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒளிந்திருந்த அந்த வால் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. உச்சத்தை 8 டெசிபல் அமுக்கி, அதே 8 டெசிபலை மொத்தமாகத் திரும்ப ஏற்றினால், இடைவெளியில் இருப்பதெல்லாம் 8 டெசிபல் மேலே வரும். எளிய கூட்டல் கழித்தல்தான்.

கைதட்டல் எங்கே ஏமாற்றியது

கைதட்டலின் சக்தியில் பெரும்பங்கு 1000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் அதற்கு மேலும் இருக்கிறது. ஓர் அங்குல ஃபோம் விழுங்குவதும் அதைத்தான். ஆகவே ஃபோம் ஒட்டிய அறையில் கைதட்டிப் பார்ப்பது, கேள்வியைத் தயாரித்தவரே பரீட்சை எழுதுவதற்குச் சமம்.

பஞ்சு வகைப் பொருள் எதுவானாலும், சுவரிலிருந்து அலைநீளத்தின் கால் பங்கு தள்ளி இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். காற்றுத் துகள்கள் அங்கேதான் வேகமாக ஆடுகின்றன. சுவரை ஒட்டிய இடத்தில் அவை ஆடுவதே இல்லை. 1000 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 35 செ.மீ., கால் பங்கு 9 செ.மீ.க்கும் குறைவு. ஓர் அங்குல ஃபோம் அதை முழுசாகப் பிடிக்காவிட்டாலும் கணிசமாகப் பிடிக்கும். 115 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3 மீட்டர், கால் பங்கு 75 செ.மீ. அந்த அலைக்கு நம் ஃபோம் இருப்பதே தெரியாது. ஒரு சுவரில் ஒட்டினாலும் நான்கு சுவரில் ஒட்டினாலும் கதை மாறாது. பரப்பைக் கூட்டக் கூட்ட மேல் அதிர்வெண்கள் மட்டும் செத்துக்கொண்டே போகும், கீழே உள்ளவை தனியாக நின்று முழங்கும்.

ஃபோமுடன் வந்த துண்டுச்சீட்டில் என்ஆர்சி, அதாவது பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்பதற்கான எண், 0.7 என்று அச்சிட்டிருந்தது. பொய்யில்லை. ஆனால் அந்த எண் 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கின் சராசரி. 125 அந்தக் கணக்கிலேயே கிடையாது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள். பெண் குரலுக்கு ஏறத்தாழ 165 முதல் 255. ஆண் குரலுக்கு அறை கட்டுகிறவர் என்ஆர்சியை மட்டும் பார்த்துப் பொருள் வாங்கினால், தனக்கு வேண்டிய இடத்தில் மதிப்பெண்ணே போடாத பரீட்சைத்தாளை நம்புகிறார் என்று அர்த்தம்.

அறையை அளந்தபோது

நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் ஒன்பதரை அடி. மீட்டரில் 3.66, 3.05, 2.9. கன அளவு 32 கன மீட்டருக்குச் சற்று மேல். டேப்பைச் சுருட்டும்போதே சந்தேகம் வந்துவிட்டது: அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று.

எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஒலியின் வேகத்தை இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் வரும் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் நிலை அலைகள், அதாவது நகராமல் ஒரே இடத்தில் நின்று முழங்கும் அலைகள், நிற்கும். ஏசி போட்ட அறையில் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 346 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீளத்துக்கு 47, 95, 142 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 57, 113. உயரத்துக்கு 60, 119. இந்த 113-ம் 119-ம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வினை. ஆண் வாசிப்பாளர் இயல்பாகப் பேசும் இடமும் அதுவே. சுருதியில் சொன்னால், ஒரு கட்டை சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு முழுச் சுரம் கீழே.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி கட்டாயமில்லை. வாயை மூடி 'ம்' என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்து மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டே போனால் போதும். வாசிப்பாளரையே செய்யச் சொன்னேன். ஓர் இடம் வந்ததும் அறை அவர் குரலைப் பிடுங்கிக்கொண்டு கூடவே பாடியது. அவரே நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இது நான் இல்லப்பா, ரூம்பு." அவர் வானொலியில் நெடுநாள் செய்தி வாசித்தவர்; அறைக்கும் குரலுக்கும் உள்ள உறவு அவருக்குப் புதிதல்ல. அப்புறம் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் அளவு மைக்கையும் வைத்து முறையாக எடுத்தோம். 1000 ஹெர்ட்ஸில் அதிர்வொலி அடங்க 0.2 வினாடி, 125 ஹெர்ட்ஸ் பட்டையில் ஏறக்குறைய 1 வினாடி. ஐந்து மடங்கு வித்தியாசம்.

1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன், நாற்காலி மெத்தைகளைச் சுமந்து வந்து வைத்தும் எடுத்தும் கண்டுபிடித்த சூத்திரம் இன்றும் முதல் கணக்குக்கு உதவுகிறது: 0.161-ஐக் கன அளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். இந்த அறைக்கு அந்தப் பெருக்கல் 5.2. அதாவது 125 ஹெர்ட்ஸில் 0.4 வினாடிக்கு இறக்க வேண்டுமென்றால் 13 சதுர மீட்டர் அளவுக்கு முழு உறிஞ்சல் தேவை. இருந்ததோ சுமார் 5, அதிலும் ஒரு பகுதி கதவும் ஜன்னல் கண்ணாடியும் அதிர்வதால் வந்தது. இவ்வளவு சின்ன அறையில் 220 ஹெர்ட்ஸுக்குக் கீழே சபைன் கணக்கை எழுத்துக்கு எழுத்து நம்பக்கூடாது. அங்கே ஒலி அறை முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை, தனித்தனி நிலை அலைகளாகத்தான் நிற்கிறது. ஆனாலும் எவ்வளவு பொருள் வாங்குவது என்ற கேள்விக்கு இதைவிடக் கையடக்கமான வழி இல்லை.

இலக்கு எது? ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் 3276 எண் ஆவணம், கேட்பறைகளுக்கு 200 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை 0.2 முதல் 0.4 வினாடி என்று வைத்திருக்கிறது. அதற்குக் கீழே கொஞ்சம் ஏற அனுமதியும் உண்டு. அது கேட்பதற்கான அறைக்குச் சொன்னது. இருந்தாலும் பேச்சு ஸ்டுடியோவுக்கும் அதே வட்டத்துக்குள் நிற்பது எனக்குப் பிடித்த அளவு.

காசில்லாமல் செய்தது

முதலில் மேஜையை நகர்த்தினோம். பேசுகிறவர் அகலத்தின் சரிபாதியில் உட்கார்ந்திருந்தார். பார்க்க அழகு, காதுக்கு விரோதம். 113 ஹெர்ட்ஸ் நிலை அலைக்கு இரண்டு சுவர்களிலும் நடு மையத்திலும் அழுத்தம் உச்சம். வாயும் மைக்கும் அங்கேயே இருந்தால், அந்த அலையை முழு வேகத்தில் கிளப்பிவிட்டு அங்கேயே நின்று அள்ளுகிறோம். சுவரிலிருந்து அகலத்தின் கால் பங்கில், அதாவது இரண்டரை அடியில், அதே அலைக்கு அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. இருக்கையை அங்கே தள்ளி, அதே பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். பாதிக் 'கும்' போயிற்று. மீதி, உயரத்துக்கான 119. உட்கார்ந்தவரின் வாய் தரையிலிருந்து சுமார் 115 செ.மீ. உயரத்தில் இருக்கும். அறையின் பாதி உயரம் 145. உச்சத்துக்குப் பக்கம்தான். நாற்காலியை உயர்த்தியோ தாழ்த்தியோ அதைத் தப்ப முடியாது, கூரையில்தான் வேலை.

மேஜையின் கண்ணாடிப் பலகையும் தன் பங்குக்கு ஒன்று செய்துகொண்டிருந்தது. மைக் மேஜைக்கு 25 செ.மீ. மேலே, வாய் 35 செ.மீ. மேலே, இரண்டுக்கும் நடுவே 20 செ.மீ. என்றால், நேராக வரும் குரலுக்கும் மேஜையில் பட்டு எகிறி வரும் குரலுக்கும் பாதை வித்தியாசம் 40 செ.மீ. சொச்சம். அதனால் 425 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம், 1270 பக்கத்தில் இன்னொன்று என்று வரிசையாக விழும். தொகுப்பாளினியின் மூக்கடைப்புக்கு இதில் பங்குண்டு. கண்ணாடியை எடுத்துவிட்டு, துளையிட்ட பலகை மேல் கம்பளித்துணி விரித்த மேஜை வந்தது. நடுவில் ஒரு நாள் வெறும் போர்வையை நாலாக மடித்துப் போட்டுப் பார்த்தோம், அதுவே பாதி வேலை செய்தது.

ஃபோம் இறங்கியது

ஃபோமில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உரித்துவிடலாம் என்றதும் ஸ்டுடியோ நடத்துபவருக்கு முகம் சுருங்கியது. காசு போட்டு ஒட்டியது அல்லவா. ஒலிக்கான காரணத்தைச் சொன்னதைவிட, தீ பற்றிச் சொன்னதுதான் சீக்கிரம் எடுபட்டது. உரித்த துண்டில் உள்ளங்கை அளவு வெட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தீக்குச்சி காட்டினேன். குச்சியை எடுத்த பிறகும் எரிந்தது, உருகிச் சொட்டியது, சொட்டியதும் எரிந்தது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், மேடைச் சுவரில் இப்படிப்பட்ட பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டிய இரவு விடுதி பற்றி எரிந்து 100 பேர் செத்தார்கள். நம் அறையிலோ ஒரே கதவு, ஃபோமுக்குப் பின்னால் ஏசி வயர். இதற்கு மேல் வாதம் நடக்கவில்லை. தீ தாங்கும்படி தயாரித்த ஃபோமும் சந்தையில் உண்டு. சான்றிதழ் இல்லாமல் வாங்குவதற்கு முன் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

பசையோடு சேர்ந்து பெயின்ட்டும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். அட்வான்ஸில் கழிப்பாரா என்ற கவலை அன்றே ஆரம்பித்தது. அதனால் ஒரு முடிவு எடுத்தோம்: இனிமேல் எதையும் சுவரில் ஒட்டுவதில்லை. எல்லாம் சட்டத்தில் நிற்க வேண்டும், திருகைக் கழற்றினால் லாரியில் ஏற வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிற எந்த ஸ்டுடியோவுக்கும் நான் இதையே சொல்வேன். ஒட்டியது வீட்டுக்காரருக்கு, மாட்டியது உங்களுக்கு.

தடிமன்

வாங்கியது ராக்வூல் பலகை, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு. 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, ஒரு மீட்டருக்கு 60 செ.மீ. அளவு. 96 கிலோ இன்னும் நல்லது என்று கடையில் தள்ளப் பார்த்தார்கள். மெல்லிய பலகைக்கு அது சரி. நான்கு அங்குலத்துக்கு மேல் தடிமனாக அடுக்கும்போது காற்று உள்ளே புகுந்து போவது முக்கியம். அடர்த்தி கூடினால் தாழ்ந்த அலை உள்ளே போகாமல் முகப்பிலேயே திரும்பிவிடும். விலையும் குறைவு என்பதால் 48-லேயே நின்றோம்.

கூரையில் 2.4 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் ஒரு தொங்கு பலகை, இரண்டு அடுக்கு ராக்வூல், கூரைக்கும் அதற்கும் நடுவே 15 செ.மீ. காற்றிடைவெளி. பலகையை எங்கும் வெட்ட வேண்டியிருக்கவில்லை, அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ராக்வூல் மட்டும் 23 கிலோ, சட்டத்தோடு 40 தாண்டும். தலைக்கு மேல் தொங்குகிற பொருள் என்பதால் ஆங்கர் போல்ட்டில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கதவு இல்லாத மூன்று மூலைகளிலும் தரையிலிருந்து மேலேவரை இரண்டடி அகலத்தில் குறுக்கு அடைப்பு, பின்னால் இருக்கும் முக்கோணம் முழுக்க ராக்வூல். அறையின் எல்லா நிலை அலைகளும் மூலையில்தான் அழுத்தமாக முட்டுகின்றன, ஆகவே தாழ்ந்த ஒலிக்கு மூலையில் வைக்கிற பொருள்தான் காசுக்கு நியாயம் செய்யும். பேசுகிறவர் இப்போது ஒரு பக்கச் சுவரை நெருங்கிவிட்டதால், அந்தச் சுவரில் ஆறு அங்குலச் சட்டம்: நான்கு அங்குலம் ராக்வூல், இரண்டு அங்குலம் காற்று.

மெல்லிய பிளைவுட் பலகையைக் காற்றிடைவெளி விட்டு அடித்து, அது 113 ஹெர்ட்ஸில் அதிரும்படி சுருதி சேர்க்கிற முறையும் உண்டு. 6 மி.மீ. பிளைவுட்டுக்குப் பின்னால் 8 செ.மீ. இடைவெளி விட்டால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அந்த மாதிரிப் பெட்டி பிடிப்பது ஒரு குறுகிய பட்டையை மட்டும். ஆணியை எங்கே அடித்தோம், சென்னை ஈரத்தில் பலகை எவ்வளவு ஊறியது என்பதைப் பொறுத்து அந்தப் பட்டை நகர்ந்துகொள்ளும். வடகிழக்குப் பருவமழை ஒன்றைத் தாண்டிய பிறகு அது எந்தச் சுருதியில் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? இடம் இருக்கும்வரை தடித்த பஞ்சுதான் நம்பகம்.

தச்சு வேலை பார்த்த ஆசாரி சினிமா அலுவலகங்களில் சுவர் பேனல் அடித்தவர், கைப்பக்குவம் அருமை. அவருக்கு ஒரே குறை, மேலே துணி போடுவது. "ரெக்சின் அடிச்சுடலாம் சார். தொடச்சா போதும், வருஷக்கணக்கா அழுக்காகாது." ரெக்சினுக்குள் காற்று போகாது, காற்று போகாவிட்டால் மேல் அதிர்வெண்கள் அப்படியே திரும்பிவிடும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு அந்தப் பக்கம் போனால் சரி என்றேன். அடுத்த நாள் துணிக்கடையில் ஒவ்வொரு தானையும் வாயில் வைத்து ஊதி ஊதி, கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டாராம். கடைசியில் முரட்டுப் பருத்தி ஒன்றைக் கொண்டுவந்தார், பிரமாதமாக இருந்தது.

ஆனால் மூலை அடைப்புகளுக்கு அவர் கேட்ட ரெக்சினையே போடச் சொன்னேன். இந்த அறையில் மேல் அதிர்வெண்கள் ஏற்கெனவே பட்டினி. மூலைகள் தாழ்ந்த ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே உள்ளதைத் திருப்பித் தந்தால் நல்லது. 115 ஹெர்ட்ஸ் அலைக்கு மெல்லிய ரெக்சின் ஒரு தடையே அல்ல. ஆசாரிக்குப் பரம திருப்தி.

இன்னும் இரண்டு உள்ளூர் விஷயம். சட்ட மரத்துக்குக் கரையான் மருந்து அடிக்காமல் உள்ளே விடவில்லை. தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கியே நிறுத்தினோம். ராக்வூல் தூள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு பலகைக்கும் கருப்புக் கண்ணாடியிழைத் துணி சுற்றினோம். வேலை செய்யும்போது கையுறையும் முகமூடியும் போடாதவர் அன்றிரவு முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பார்.

வெளிச்சத்தம் வேறு கணக்கு

இத்தனை ராக்வூலும் ஆட்டோ ஹாரனை ஒரு டெசிபல்கூடத் தடுக்காது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். பஞ்சு உள்ளே இருக்கிற ஒலியை அடக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க எடையும், ஓட்டையில்லாத அடைப்பும் வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருபுறமும் பூசியிருந்தால் அதுவே 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். இந்த வீட்டுச் சுவர்களில் குறையில்லை. கதவில்தான் எல்லாம்.

கதவுக்குக் கீழே ஒரு செ.மீ. இடைவெளி. 90 செ.மீ. அகலத்துக்கு அது கதவுப் பரப்பில் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த அரை சதவீதம் திறந்திருக்கும்வரை, கதவை இரும்பில் செய்தாலும் மொத்தத் தடுப்பு 23 டெசிபலைத் தாண்டாது. உள்ளே பொள்ளலான கதவை எடுத்துவிட்டு, முழுக்கட்டை ஃப்ளஷ் கதவு, மூன்று பக்கமும் ரப்பர் கேஸ்கெட், மூடும்போது தானாகத் தரைக்கு இறங்கும் அடிப்பட்டை. "ரேடியோ ஸ்டேஷன்ல ரெண்டு கதவைத் தாண்டித்தான் உள்ள போவோம்" என்றார் வாசிப்பாளர். இரண்டு கதவும் நடுவே பஞ்சு அடித்த சின்ன இடமும் இருந்தால் இதைவிட எவ்வளவோ நன்றாகத்தான் இருக்கும். இங்கே அதற்கு இடமில்லை. ஜன்னலுக்குப் பழைய கண்ணாடியை விட்டுவிட்டு, 15 செ.மீ. தள்ளி உள்பக்கம் 10 மி.மீ. கண்ணாடி ஒன்று. இரண்டும் ஒரே தடிமனாக இருக்கக்கூடாது, இருந்தால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் பலவீனமாகும்.

ஏசிதான் பெரிய தலைவலி. உள் யூனிட் சரியாக மைக்குக்கு மேலே இருந்தது. பதிவின்போது அணைப்பார்கள். மே மாதத்தில் கால் மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் வேர்த்து, திரும்பப் போட்டு, அறை குளிரும்வரை டீ குடித்து, மறுபடி பதிவு. ஒரு மணி நேர நேர்காணல் அரை நாளை விழுங்கியது. போதாததற்கு ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கதவை இறுக்கி அடைத்த பிறகு இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் தலை கனக்கும்.

உள் யூனிட்டைப் பக்கத்து எடிட்டிங் அறைக்கு மாற்றி, அங்கிருந்து குளிர்காற்றை இரண்டு இடத்தில் செங்கோணமாக வளையும் மரப்பெட்டி வழியாக உள்ளே விட்டோம். பெட்டியின் உட்சுவர் முழுக்க ஓர் அங்குலக் கண்ணாடிப் பஞ்சு, அதன் மேல் துணி. திரும்பும் காற்றுக்கு அதே மாதிரி இன்னொரு பெட்டி. எடிட்டிங் அறையில் சின்ன எக்ஸாஸ்ட் ஒன்று பழைய காற்றை வெளியேற்றும். இரண்டு ஆட்கள், ஒரு லேப்டாப், எல்இடி விளக்கு எல்லாம் சேர்ந்து அரை கிலோவாட் வெப்பம் என்று வைத்தால் மணிக்கு 150 கன மீட்டர் காற்று போதும். அதை ஓர் அடிக்கு ஓர் அடி வாயில் விட்டால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர்தான். சத்தத்தை உண்டாக்குவது காற்றின் வேகம், அளவு அல்ல. வாயைப் பெரிதாக்கினால் போதும், விலை உயர்ந்த சைலன்ஸர் வேண்டாம். உள்ளே பின்னணிச் சத்தம் இப்போது ஏசி ஓடும்போதே 25 டெசிபல் சொச்சத்தில் நிற்கிறது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கதவும் ஏசி மாற்றமும் எடுத்துக்கொண்டன. ராக்வூல் வேலை அதற்கு அப்புறம்தான்.

கடைசி எதிரி மேல் மாடியில் இருந்தது. சாயங்காலம் ஆனால் ஒரு கரகரப்பு, சுவரும் கூரையும் சேர்ந்து உறுமின. காற்று வழியாக வரவில்லை, கான்கிரீட் வழியாக வந்தது. ஏறிப் போய்ப் பார்த்தால் மாவு கிரைண்டர், நேராகத் தரையில், நம் அறைக்கு மேலே. கீழே இருந்து இதைத் தடுக்கச் சுருள்வில்லில் தொங்கும் தனிக்கூரை போட வேண்டும்; உயரமும் போகும், லட்சங்களும் போகும். மேல் வீட்டு அக்காவிடம் பேசி, கிரைண்டர் கால்களுக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் திண்டுகள் வைத்தோம், அடுப்படியின் எதிர்மூலைக்கு நகர்த்தினோம். உறுமல் மைக்கில் தெரியாத அளவுக்கு இறங்கியது. "இதுக்கா இத்தனை நாள் தவிச்சீங்க, முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

இப்போது எப்படி இருக்கிறது

எல்லாம் முடிந்த அன்று எடிட்டர் தம்பி கைதட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "சார், முன்ன விட எக்கோ ஜாஸ்தியாயிடுச்சு." உண்மைதான். 1000 ஹெர்ட்ஸில் 0.2 இருந்தது 0.3-ஐச் சற்றுத் தாண்டியிருந்தது. வேண்டுமென்றே செய்ததும் அதுதான். 125 பட்டையில் 1 வினாடி 0.4 ஆகியிருந்தது. ஐந்து மடங்காக இருந்த வித்தியாசம் இப்போது காதுக்கு எட்டாத அளவு. பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒரே சத்த அளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டோம். வாசிப்பாளரின் குரலில் ஈக்யூ எதுவும் இல்லாமலே எழுத்துகள் பிரிந்து நின்றன. தொகுப்பாளினியின் 'ச', 'ஸ' எல்லாம் திரும்பி வந்திருந்தன. அவர் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முன்பு அந்த அறையில் பேசி முடித்தால் தொண்டை வலிக்கும், இப்போது இல்லை என்றார். தன் குரல் தனக்கே திரும்பாத அறையில் மனிதர்கள் தெரியாமலேயே கத்திப் பேசுகிறார்கள்.

தீராதவையும் உண்டு. ஆற்காடு சாலையில் பேருந்து போகும்போது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு நடுக்கம் அளவில் தெரிகிறது. அறைக்குள் இன்னோர் அறையை ரப்பர் மேல் கட்டினால்தான் அது போகும், வாடகை வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பேச்சுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போட்டால் தீர்ந்தது. ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி கட்டினால் அதற்கு எந்தக் கண்ணாடியும் தாங்காது. அந்த வாரம் எடிட்டிங் மட்டும் என்று நாட்காட்டியிலேயே குறித்துவிட்டார்கள். மழை மாதங்களில் ஸ்டுடியோவை நாள்கணக்கில் பூட்டி வைக்காமல், பதிவு இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஏசியை ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். மூலை அடைப்பில் பூஞ்சை பிடித்தால் மொத்தமாகக் கழற்ற வேண்டியிருக்கும். கதவு கேஸ்கெட் வெப்பத்தில் இறுகும். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் சுலபமாக வந்துவிடுகிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

போன மாதம் அழைத்து, இதே அறையில் மிருதங்கம் பதியலாமா என்று கேட்டார்கள். தொப்பிப் பக்கம் நாம் அடக்கிய இடத்துக்கும் கீழே இறங்கும், வலந்தலையின் நாதம் விரிய இந்தக் கூரை உயரம் போதாது. சாலிகிராமத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குப் பெரிய ஹால் கிடைக்கிறது, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.